இரண்டு நிமிடக் கதவு

ஓக்-பூனின் கைகளுக்குக் கடிகாரம் தேவையில்லை. கொரியாவின் சாங்வோன் நகரப் பேருந்துத் தொழிற்சாலையில் பத்தொன்பது வருடங்களாகக் கதவு விளிம்பில் ரப்பர் பட்டை பொருத்துகிறாள். ஒரு கதவுக்கு ஒரு நிமிடம். உதட்டுக்குள் ஒரு துள்ளல் பாட்டு ஓடும். பாட்டு முடியும்போது பட்டையைப் பிடிக்கும் பன்னிரண்டாவது கிளிப்பும் 'டக்'கென்று உட்கார்ந்திருக்கும்.

நவம்பரில் பேருந்து வாங்க ஆளில்லை. கதவுகள் நகர்ந்து வரும் வேலை வரிசையின் வேகத்தைப் பாதியாகக் குறைத்தார்கள்: ஒரு கதவுக்கு இரண்டு நிமிடம். கூடவே ஓர் அறிவிப்பு. கதவுப் பிரிவின் இருபது பேரில் ஐந்து பேருக்கு நான்கு மாதம் கட்டாய விடுப்பு. வரும் வெள்ளிக்கிழமை, அந்த ஒரு நாளில் அதிகம் தவறு செய்பவர்கள்தான் அந்த ஐவர்.

நான்கு மாதத்தில் தன் இடம் வேறொரு கைக்குப் பழகிவிடும் என்று ஓக்-பூனுக்குத் தெரியும்.

நேரம் கூடியதால் வேலை சுத்தமாக வரும் என்று நினைத்தார்கள். திங்களன்றே பதினேழு தவறுகள். மூன்று ஓக்-பூனுடையவை.

"என்னக்கா, கையில வெண்ணெய் தடவிட்டு வந்தீங்களா?" என்று சீண்டினாள் பக்கத்தில் நிற்கும் மால்-சூக்.

"தவறுப் பலகையில உன் பேரு எனக்கு மேல இருக்குடி. முதல்ல அதைப் பாரு."

மதியம் சூப் குடிக்கும்போதுதான் ஓக்-பூனுக்குப் பிடிபட்டது. பாட்டு முடிந்தும் கதவு நகர்வதில்லை. மிச்ச நேரம் கண் வேடிக்கை பார்க்கிறது. அடுத்த கதவில் தாளம் தப்பி ஒரு கிளிப் விட்டுப்போகிறது.

"கோளாறு கையில இல்ல, பாட்டுல," என்றாள் மேசையைத் தட்டி. "நாளையிலேர்ந்து எல்லாரும் ரெண்டு நிமிஷம் மெதுவா ஓடுற தாலாட்டு பாடுங்க."

"தூங்கிடுவோம்க்கா!"

"இங்க தூங்குனா நாலு மாசம் வீட்லயும் தூங்கலாம்."

வெள்ளி மாலை மேற்பார்வையாளர் கி-தே தவறுப் பலகையின் முன் தலையைச் சொறிந்தார். அன்றைய கணக்கில் இருபது பெயருக்கும் பூஜ்யம்.

"இப்ப நான் யாரை அனுப்புறது?"

"முறை வச்சு அனுப்புங்க தலைவரே," என்றாள் ஓக்-பூன். "வாரத்துக்கு அஞ்சு பேரு. நாலு வாரத்துல எல்லாருக்கும் ஒரு சுத்து வந்துடும். யார் இடமும் போகாது."

கி-தே மேலதிகாரிகளிடம் கேட்க மாடிக்கு ஓடினார். அரை மணியில் சம்மதத்தோடு இறங்கி வந்தார். "முதல் வாரம் யாரு?"

ஓக்-பூன் கையைத் தூக்கினாள். "நான்தான். வீட்ல எண்பது கோஸ் கிடக்கு, குளிர்காலத்துக்குக் கிம்ச்சி ஊறுகாய் போடணும்."

"அதுக்கும் தாலாட்டாக்கா?" என்றாள் மால்-சூக்.

"போடி! துள்ளல் பாட்டுதான். பஸ் வாங்கத்தான் ஆளில்ல, எங்க வீட்டுக் கிம்ச்சியைச் சாப்பிட இன்னும் ஆள் குறையல."