இழுத்துக் கட்டாத பாய்

டென்மார்க்கின் ரண்டர்ஸ் நகரத்தின் ஓரத்துப் புல்வெளியில் ஞாயிறு காலைகளில் நாங்கள் நீளமான பச்சைப் பாயை உருட்டி விரிக்கும்போது, நாயோடு நடக்க வரும் ஒரு டேனிஷ் அம்மா தவறாமல் நின்று பார்ப்பார். "இன்றைக்கு யாருக்குக் கல்யாணம்?" என்று ஒருமுறை கேட்டார். கிரிக்கெற் என்றேன். தலையாட்டிக் கேட்டுவிட்டு, மணமக்களுக்கு வாழ்த்துச் சொல்லிவிட்டுப் போனார். நான் திருத்தப் போகவில்லை. அந்தப் பாயில் நடப்பதைக் கிரிக்கெற் என்று சொல்ல எனக்கே கூச்சமாக இருந்தது.

ஊரிலிருந்து வாசிப்பவர்களுக்கு விளக்கவேண்டும். இந்த நாட்டு மழைக்கு மண் ஆடுகளம் நிலைக்காது. ஆகவே இறுகிய தரையில் பாயை விரித்து, எல்லாப் பக்கமும் இழுத்து, இரும்பு முளை அடித்து விளையாடுகிறோம். பாய் இறுக்கமாக இருந்தால் பந்து ஒழுங்காக எழும்பும். ஒரு பக்கத்து முளைகளைத் தளர்த்திவிட்டால் மடிப்பு விழும். மடிப்பில் பட்ட ஒரு பந்து நெஞ்சுக்கு வரும், அடுத்தது கணுக்காலுக்குக் கீழே ஊர்ந்து போகும். எங்கள் கழகத்தின் பந்துவீச்சுப் புகழ் முழுவதும் அந்த மடிப்புக்குள்தான் இருக்கிறது. எங்கள் மைதானத்தில் எந்த அணியும் ஐம்பது ஓட்டம் எடுப்பதில்லை. வெளி மைதானங்களில் எங்கள் பந்துவீச்சாளர்களை அடித்து நொறுக்காத அணியும் இல்லை. ஆனாலும் பிறந்தநாள் விழாக்களில் எங்கள் முதன்மை வேகப்பந்து வீச்சாளன் ரஞ்சன், கையில் கட்லட்டோடு, தன் மணிக்கட்டின் சூட்சுமத்தை விளக்குவான். பத்து அடி ஓடினால் மூச்சு வாங்கும் மனிதன்.

இது டென்மார்க் தந்த புத்தி அல்ல. யாழ்ப்பாணத்தில் எங்கள் பள்ளிக்கூடத்திலும் தும்புப் பாய்தான். ஆட்டம் தொடங்குமுன் இரண்டு அணித் தலைவர்களும் முளைகளை மிதித்துப் பார்ப்பார்கள். அதை ஒரு மரியாதை என்று நினைத்திருந்தேன். ஒருவரையொருவர் நன்றாக அறிந்தவர்களின் காவல் அது என்று இப்போது விளங்குகிறது. இங்கே எதிரணி டேனிஷ்காரர் கைகுலுக்கிவிட்டு உடை மாற்றப் போய்விடுவார்கள். ஒருவரும் மிதித்துப் பார்ப்பதில்லை. அந்த நம்பிக்கையைத்தான் எங்கள் ஆட்கள் வருடக்கணக்காக விக்கெற்றுகளாக மாற்றிக்கொண்டிருக்கிறார்கள்.

என் அண்ணனின் மகள் தாரணி எங்கள் அணியில் ஆடினாள். துடுப்பு மட்டையைப் பிடிக்கத் தெரிந்த ஒரே ஆள். போன கோடையில், டென்மார்க் பெண்கள் அணிக்கு ஆள் தெரிவு செய்பவர் அவளின் ஆட்டத்தைப் பார்க்க எங்கள் மைதானத்துக்கு வருவதாகச் சொன்னார். அந்த ஒரு நாள் மட்டும் பாயை இறுக்குவோம் என்று கேட்டேன்.

"பெட்டைக்காக நாங்கள் தோக்கிறதோ அண்ணை?" என்றான் ரஞ்சன்.

"நீர் எப்ப வென்றனீர்? வென்றது பாய்."

"அப்ப பாயைக் கூப்பிட்டு ஓவர் போடச் சொல்லுங்கோ."

எல்லாரும் சிரித்தார்கள்.

அன்று காலை நானே எல்லா முளைகளையும் அடித்தேன். அடித்துவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போனது என் மடத்தனம். தாரணி முதலாவதாக இறங்கினாள். அவளுக்கு வந்த மூன்றாவது பந்து தரையோடு ஊர்ந்து விக்கெற்றைச் சாய்த்தது. அப்போதுதான் பார்த்தேன், பந்து விழுந்த பக்கத்து முளைகள் பாதி வெளியே நின்றன. தாரணி பந்து போட்டவனைப் பார்க்கவில்லை. பாயைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு எதிரணியும் அதே மடிப்பில் விழுந்தது. நாங்கள் வென்றோம்.

தெரிவாளர் போகும்போது எல்லாருக்கும் கைகொடுத்து, சுவாரசியமான மைதானம் என்றார். டேனிஷ்காரர் ஒன்றைச் சுவாரசியம் என்று சொன்னால், உண்மையைச் சொல்ல மரியாதை தடுக்கிறது என்று அர்த்தம். ரஞ்சன் அதைத் தனக்குத் தந்த பட்டமாக எடுத்து ஒரு கிழமை கதைத்துத் திரிந்தான். தாரணிக்கு அழைப்பு வரவில்லை.

வீட்டில் அவள் எல்லாவற்றுக்கும் டேனிஷில்தான் பதில் சொல்வாள். இதை மட்டும் தமிழில் சொன்னாள்: "சித்தப்பா, நான் ஓகூஸ் கழகத்துக்குப் போறன். இஞ்ச இருந்தால் என்னை ஒருத்தரும் எடுக்கமாட்டினம்."

"ஓம், போ" என்றேன்.

கழகத்தில் அவளைத் துரோகி என்றார்கள். நாடு விட்டு நாடு வந்து குடியேறியவர்கள், பக்கத்து நகரத்துக்குக் கழகம் மாறிய பெட்டையைத் துரோகி என்றார்கள்.

இந்த வருடம் ஓகூஸில் அவளின் அணிக்கெதிராக எங்களுக்கு ஆட்டம். போன கோடையில் வந்த அதே தெரிவாளரும் வந்திருந்தார். அங்கே செயற்கைப் புல்லைக் கொங்கிறீற்றில் ஒட்டியிருக்கிறார்கள். கழற்ற முளை இல்லை. ரஞ்சன் அதை இரண்டு தரம் சுற்றி நடந்தான், எதையோ தொலைத்தவன் மாதிரி.

ஓட்டப் பலகையில் இலக்கம் மாட்ட விருந்தாளி அணி ஓராளைக் கொடுக்கவேண்டும் என்பது இங்கத்தைய வழக்கம். தாரணி துடுப்போடு இறங்கியதும், எல்லைக்கு வெளியே இருந்த எங்கள் ஆட்களில் ஒருவரும் அசையவில்லை. நான் எழும்பிப் போனேன். பலகைக்குப் பின்னால் நின்றால் மைதானம் தெரியாது, சத்தம் மட்டும்தான் வரும். இடது பக்கம் டேனிஷ்காரரின் கைதட்டல். வலது பக்கம் எங்கள் ஆட்களின் திட்டு. டேனிஷ்காரர் எந்த அடிக்கும் ஒரே அளவாகத்தான் தட்டுவார்கள், அதை வைத்து ஒன்றும் அறிய முடியாது. ஆகவே தமிழில் வந்த திட்டின் நீளத்தைக் கேட்டு, நாலா ஆறா என்று கணித்து, அவளின் ஓட்டங்களை ஒவ்வொன்றாக மாட்டிக்கொண்டு நின்றேன். ஒருமுறையும் கணக்குப் பிழைக்கவில்லை.