தெரேஸின் பிரெஞ்சு அரைமணி

வால்வு ரேடியோ சூடேறும்போது ஒரு வாசனை வரும். தூசி கருகுவதும் மரப்பெட்டியின் மெருகு இளகுவதும் கலந்த அந்த வாசனை முதலில் வந்து, பிறகு முகப்பின் பச்சை விளக்கு மெல்ல விரிந்து, அதற்கும் பிறகுதான் குரல் வரும். எழுபதுகளின் நடுவில், புதுவை முத்தியால்பேட்டையில் எங்கள் தெருவில், அந்த வாசனை ஒரே ஒரு வீட்டில்தான் இருந்தது. பிரெஞ்சுப் பட்டாளத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்களை எங்கள் ஊரில் "சொல்தா" என்பார்கள். அது "சொல்தா வீடு". வீட்டுக்காரர் முசியே அந்துவான், சைகோனில் வாங்கிய ரேடியோவைக் கப்பலில் கொண்டுவந்தவர். அவருடைய ஒரே மகள் தெரேஸ் என் வகுப்பு, என் சிநேகிதி.

என் அப்பா மில் தொழிலாளி. எங்கள் வீட்டில் பிரெஞ்சு கிடையாது. சொல்தா வீட்டிலோ எது தமிழ், எது பிரெஞ்சு என்று யாரும் பார்ப்பதில்லை. "பப்பா, சூப் ரெடி, வெனிர் பண்ணுங்க" என்று தெரேஸ் கூப்பிடுவாள். "வரேண்டி என் மதாமே, கத்தாத" என்று உள்ளிருந்து பதில் வரும். அந்த வீட்டுச் சிரிப்பு நாலு வீடு தள்ளி எங்களுக்குக் கேட்கும்.

வானொலியில் வாரத்துக்கு ஒருமுறை, ஊரில் பிரெஞ்சு பேசும் சில குடும்பங்களுக்காக, அரைமணி நேரம் ஒதுக்கியிருந்தார்கள். அந்த அரைமணிக்கு முசியே அந்துவான் சட்டையை மாற்றி, தலை வாரி, மாதா கோயிலில் உட்காருவதுபோல ரேடியோ முன்னால் உட்காருவார். "நம்ம பேச்சு ரேடியோவுல வருதுன்னா, நாம இன்னும் இந்த ஊர்ல இருக்கோம்னு அர்த்தம்" என்பார். சிறுவர் பகுதியில் தெரேஸ் பேச வாய்ப்புக் கேட்டு அவர் எழுதிப்போட, வரச்சொல்லிப் பதிலும் வந்தது. அன்றுமுதல் வாசற்படியில் உட்கார்ந்து அவள் ஒரு பிரெஞ்சுப் பாட்டை உருப்போட்டாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த எனக்கும் அது ஏறிவிட்டது. ஒரு சொல்லுக்கும் பொருள் தெரியாது. ஓசை மட்டும் அப்படியே ஒட்டிக்கொண்டது.

ஒலிப்பதிவுக்குத் துணையாக நானும் போனேன். தெரேஸின் அம்மா வெளியே பெஞ்சில் உட்கார, நாங்கள் இருவரும் உள்ளே போனோம். நிகழ்ச்சி நடத்தியவர் கனிவானவர். மிரட்சி போகட்டும் என்று, ஞாயிற்றுக்கிழமை வீட்டில் என்ன செய்வீர்கள் என்று தெரேஸிடம் பிரெஞ்சில் கேட்டார். அவள் கலகலவென்று சிரித்து, "மான்ஜே பண்ணுவோம், அப்புறம் பப்பா தொர்மீர் பண்ணுவாரு, நாங்க ஜுவே பண்ணுவோம்" என்றாள். சாப்பிடுவோம், அப்பா தூங்குவார், நாங்கள் விளையாடுவோம். வீட்டில் பேசுகிற அதே பேச்சு.

அவர் இயந்திரத்தை நிறுத்தினார். "வீட்ல பேசுற மாதிரி இங்க பேசக்கூடாதும்மா. இது ரேடியோ."

அதன் பிறகு தெரேஸுக்குப் பாட்டு வரவில்லை. முதல் வரியையே திரும்பத் திரும்பத் தொடங்கினாள். நேரம் போய்க்கொண்டிருந்தது. "கூட வந்த பொண்ணுக்குத் தெரியுமா?" என்று கேட்டார். நான் தடங்கலில்லாமல் சொல்லி முடித்தேன். "சுத்தமா இருக்கு" என்றார். சுத்தமாகத்தான் இருக்கும், கலப்பதற்கு என்னிடம் பிரெஞ்சு என்று ஒன்று இருந்தால்தானே.

வெளியே வரும்போது தெரேஸ் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "பப்பாகிட்ட சொல்லிடாதடி. தெருவுக்கே சொல்லி வச்சிருக்காரு."

அந்த ஞாயிறு சொல்தா வீட்டுக் கூடத்தில் பாதித் தெரு இருந்தது. பிஸ்கட் தட்டு சுற்றிவந்தது. வாசனை வந்தது, பச்சை விளக்கு விரிந்தது, என் குரல் வந்தது. பெயர் சொல்லவில்லை, நம் ஊர்ச் சிறுமி ஒருத்தி என்று மட்டும் பிரெஞ்சில் அறிவித்ததாக முசியே அந்துவான் எல்லோருக்கும் சொன்னார். "கேட்டீங்களா? எம்பொண்ணு! பாரீஸ்ல பொறந்தவ மாதிரி!" கண்ணைத் துடைத்துக்கொண்டார். பக்கத்து வீட்டு அக்கா, "ஏண்டி தெரேஸு, இம்புட்டு நாளா இந்தக் குரல எங்கடி ஒளிச்சு வச்சிருந்த?" என்று கிண்டல் செய்தாள். தெரேஸ் சிரித்தாள். நான் பிஸ்கட்டைத் தின்றுகொண்டிருந்தேன்.

அதோடு போயிருந்தால் நானும் மறந்திருப்பேன். மறுநாள் காலையில் தெரேஸ் "பப்பா, வெனிர் பண்ணுங்க" என்று கூப்பிட்டபோது, "ரேடியோவுல பேசினியே, அப்படிப் பேசு" என்றாராம். தினமும் அதையே சொன்னார், கோபமாக அல்ல, ஆசையாக. அவளால் முடியவில்லை. பேசியது அவள் இல்லையே. கொஞ்ச நாளில் அவள் அவரிடம் தமிழில் மட்டும், அதுவும் தேவைக்கு மட்டும், பேசத் தொடங்கினாள். நாலு வீடு தள்ளிக் கேட்ட சிரிப்பு நின்றது. ஒருநாள் என்னிடம் வந்து, "அந்தப் பாட்ட நீ சொன்ன மாதிரியே சொல்லிக்குடுடி" என்றாள். சொல்லிக்கொடுத்தேன். அவளுடைய மொழியை அவளுக்கு நான் சொல்லிக்கொடுத்தேன் என்பதை இன்றைக்கும் என்னால் இலேசாக நினைக்க முடிவதில்லை. சில வருடங்களில் அவர்கள் பிரான்சுக்குப் போய்விட்டார்கள்.

இப்போது நான் பாலிடெக்னிக்கில் மின்னணுவியல் ஆசிரியை. எங்கள் ஊர் ஒலிபரப்பின் வரலாற்றை மாணவர்களுக்கு நடத்தும்போது, நிலையம், மொழிகள், நேரம், நேயர்கள் என்று கரும்பலகையில் தலைப்புகள் எழுதுவேன். கடைசித் தலைப்பை எழுதும்போது, சட்டை மாற்றி ரேடியோ முன்னால் உட்கார்ந்த முசியே அந்துவான் நினைவுக்கு வருவார். பாடத்துக்காகக் கிடைத்த பழைய ஒலிநாடா ஒன்றின் உறையில், "புதுவையின் பிரெஞ்சு பேசும் சிறுமி" என்று எழுதியிருக்கிறது. போன வருடம் அதைப் போட்டுக்காட்டிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விட்டேன். இந்த வருடம் ஒரு மாணவி கேட்டாள்: "சூப்பரா பேசுது மேடம் அந்தப் பொண்ணு. என்ன சொல்லுது?"

எனக்குத் தெரியாது. இன்றும் தெரியாது.

நாடாவைப் பின்னால் ஓட்டினேன். என் குரல் தொடங்குவதற்குச் சற்று முன், வெட்டி ஒட்டிய இடத்தில், பிளேடு தவறவிட்ட ஒரு துணுக்கு இருக்கிறது: ஒரு சிறுமி சிரிக்கத் தொடங்கும் ஓசை. சொல்தா வீடு இருந்த இடத்தில் இன்று மாடிக் கட்டடம் நிற்கிறது. ரேடியோ எங்கே போனதென்று தெரியாது. அந்த வாசனை இல்லை. இது மட்டும் மிஞ்சியிருக்கிறது. அதை மூன்று முறை போட்டுக்காட்டினேன்.

"பிரெஞ்சு பேசும் சிறுமி இவள். பேர் தெரேஸ்" என்றேன். "இதுக்கு அப்புறம் வர்றது நான்."