நோவோசிபிர்ஸ்க்: சிரிக்காமல் பேச வேண்டிய ஊர்

இதை எழுதலாமா வேண்டாமா என்று யோசித்தே சில வருஷங்கள் ஓடிவிட்டன. எனக்கு எழுதிப் பழக்கமில்லை. எட்டாவது வரை பர்மியப் பள்ளிக்கூடம், தமிழ் எல்லாம் கோவில் வகுப்பில் படித்ததுதான். வீட்டுக் கஷ்டத்தை ஊருக்குச் சொல்வானேன் என்று மனைவியும் தடுத்தாள். ஆனால் இந்த வருஷம் எங்கள் தெருவிலிருந்து இன்னும் இரண்டு பிள்ளைகள் ரஷ்யாவுக்கு வேலைக்குப் போகப் பெட்டி கட்டுகிறார்கள். அவர்கள் முகத்தைப் பார்த்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை. முருகன் மேல் பாரத்தைப் போட்டுவிட்டு எழுதுகிறேன்.

என் மகன் சரவணன் அங்கே ஒரு மரச்சாமான் தொழிற்சாலையில் வேலை செய்தான். அவனுடைய பர்மியப் பெயர் ஸாவ். அடுக்கி வைத்திருந்த பலகைகள் சரிந்து இடது முழங்காலுக்குக் கீழே எலும்பு இரண்டு இடத்தில் முறிந்துவிட்டது. உள்ளே கம்பி வைத்தார்கள். அது சரியாகச் சேரவில்லை, மறுபடி அறுக்க வேண்டும், வீட்டு ஆள் ஒருவர் வந்தால் நல்லது என்று செய்தி வந்தது. நான் கிளம்பினேன்.

மார்ச் மாதம், செவ்வாய்க்கிழமை. விடியற்காலையில் தன்லியின் என்ற எங்கள் ஊரில், வீட்டில் விளக்கேற்றிக் கும்பிட்டுவிட்டு டாக்சி ஏறினேன். பாலத்தைத் தாண்டி, யாங்கோன் முழுவதையும் குறுக்கே கடந்து, மிங்கலாடோன் விமான நிலையத்துக்கு, பர்மியப் பணத்தில் நாற்பதாயிரம் சாட். பாங்காக்கில் அரை நாள் காத்திருந்தேன். அங்கிருந்து ஏழரை மணி நேரம் பறந்து, புதன்கிழமை காலையில் நோவோசிபிர்ஸ்கில் இறங்கினேன். வெளியே குளிர் மைனஸ் எட்டு. பனி அழுக்காகி, சாலை ஓரத்தில் சிமெண்ட் குவியல் போலக் கிடந்தது.

கடவுச்சீட்டு பார்க்கும் பெண்ணிடம், நம் ஊர் வழக்கப்படி சிரித்துக்கொண்டே, இடது கையால் வலது முழங்கையைத் தொட்டுக்கொண்டு புத்தகத்தை நீட்டினேன். அவர் சிரிக்கவில்லை. என் முகத்தைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார், மறுபடி முகத்தைப் பார்த்தார். நான் இன்னும் கொஞ்சம் சிரித்தேன். வேறொரு அதிகாரியைக் கூப்பிட்டார். அரை மணி நேரம் ஓரமாக நிற்க வைத்துவிட்டுத்தான் விட்டார்கள்.

வெளியே கோ மின் காத்திருந்தான். சரவணனோடு வேலை செய்பவன், யாங்கோனில் லைங் தாயாவில் பிறந்தவன். அம்மா தமிழ், அப்பா பர்மியர். தமிழில் பேசினால் புரியும், ஆனால் பதில் பாதிக்கு மேல் பர்மியத்தில்தான் வரும். நடந்ததைச் சொன்னேன். அவன் தலையில் அடித்துக்கொண்டான்.

"ஊலே, இங்க சும்மா சும்மா சிரிக்காதீங்க. காரணம் இல்லாம சிரிச்சா பைத்தியம்னு நினைப்பாங்க. இல்லாட்டி எதையோ மறைக்கிறான்னு நினைப்பாங்க."

"இத்தன வருஷத்து மூஞ்சிடா. இப்ப எப்படி மாத்துறது?"

"பல்லு வலின்னு நினைச்சுக்குங்க."

ஊலே என்றால் பர்மியத்தில் மாமா. ஊருக்குள் போக டாக்சி எழுநூறு ரூபிள். வழியில் ஓப் என்ற ஆற்றைத் தாண்டினோம். எங்கள் பாகோ ஆற்றைவிட அகலம், கரையிலிருந்து கரைவரை உறைந்து வெள்ளையாகக் கிடந்தது. நடுவில் சிலர் பெட்டி மேல் உட்கார்ந்து, ஓட்டை போட்டு மீன் பிடித்துக்கொண்டிருந்தார்கள். வண்டியில் கோ மின் எனக்குச் சில சொற்களைக் கற்றுக்கொடுத்தான். ஸ்பஸீபா என்றால் நன்றி. நியெத் என்றால் இல்லை. அதைக் கோபமாகச் சொல்வதுபோலத்தான் இருக்கும், ஆனால் கோபம் கிடையாது. பெரியவர்களைப் பேரோடு அவர்கள் தகப்பன் பேரையும் சேர்த்துக் கூப்பிட வேண்டும், அதுதான் மரியாதை. நம்மைப் போல நீ, நீங்கள் என்று அவர்களுக்கும் இரண்டு இருக்கிறது. முதல் நாளே நீ என்று ஆரம்பிக்கக் கூடாது. வாசற்படிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்று கைகுலுக்கக் கூடாது. பூ வாங்கினால் ஒற்றைப்படையில் வாங்க வேண்டும், இரட்டைப்படை சாவு வீட்டுக்கு.

இத்தனையும் கேட்டும் ஆஸ்பத்திரி வாசலில் தவறு செய்தேன். தரை பளபளவென்று இருந்தது. சப்பாத்தைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு வெறுங்காலோடு உள்ளே போனேன். கோட்டு வாங்கி மாட்டும் இடத்திலிருந்த அம்மா சத்தம் போட்டுக்கொண்டே ஓடி வந்தார்.

"இது புத்தர் பகோடா இல்ல ஊலே," என்று கோ மின் சிரித்தான். சப்பாத்துக்கு மேலே மாட்ட நீலப் பிளாஸ்டிக் உறை இருக்கிறது. அதை மாட்டிக்கொண்டு, கனமான கோட்டை வாசலில் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். கோட்டோடு போனால் அவர்களுக்கு அது அவமரியாதை.

நாலு கட்டில் அறை. சரவணனுக்கு முந்தின நாள்தான் இரண்டாவது ஆபரேஷன் முடிந்திருந்தது. கால் முழுக்கக் கட்டு. என்னைப் பார்த்ததும் சிரித்தான்.

"ஏம்ப்பா இவ்வளவு தூரம் அலைஞ்சீங்க. எனக்கு ஒண்ணும் இல்ல."

திருநீறு பூசிவிட்டேன். நெற்றி வேர்த்திருந்தது. அறை சூடாக இருக்கிறது, அதனால்தான் என்று நினைத்தேன். நர்ஸ் வந்து, "பொலித்?" என்று கேட்டார். வலிக்கிறதா என்று அர்த்தம். சரவணன் சிரித்துக்கொண்டே தலையாட்டி, "நியெத், ஸ்பஸீபா" என்றான். நர்ஸ் போய்விட்டார். யாருக்கும் தொந்தரவு கொடுக்காத பிள்ளை என்று என் மனசுக்குள் பெருமையாக இருந்தது.

வியாழக்கிழமை. கோ மின் வேலைக்குப் போய்விட்டான். நான் தனியாகப் பஸ் பிடித்து ஆஸ்பத்திரிக்கு வந்தேன். பஸ்ஸில் யாரும் சத்தமாகப் பேசவில்லை. வழியில் ஒரு கடையில் ஆப்பிள் வாங்கி, இரண்டு கையாலும் காசை நீட்டினேன். அந்தப் பெண் வாங்காமல் கண்ணாடித் தட்டைக் காட்டிக்கொண்டே இருந்தார். காசைத் தட்டில் வைக்க வேண்டுமாம். கையோடு கை படாத ஊர் என்று நினைத்துக்கொண்டேன்.

பக்கத்துக் கட்டிலில் விக்தோர் என்று ஒரு லாரி டிரைவர், இடுப்பு எலும்பு உடைந்தவர். நான் வந்து உட்கார்ந்ததும் தன் கைபேசியை வாய்க்குப் பக்கத்தில் வைத்து ரஷ்ய மொழியில் என்னவோ உறுமினார். பிறகு அதை என் பக்கம் திருப்பினார். அதிலிருந்து ஒரு பெண் குரல் இனிமையான பர்மியத்தில் சொன்னது: "உங்கள் மகன் பொய் சொல்கிறான். நர்ஸைப் பார்த்துச் சிரிக்கிறான். நர்ஸ் போனதும் தலையணையைக் கடிக்கிறான். நீங்களும் அங்கே உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருக்கிறீர்கள். உங்கள் நாட்டில் எல்லோரும் இப்படித்தானா?"

எனக்கு முகம் சுருங்கிப் போனது. சரவணனைப் பார்த்தேன். அவன் சுவரைப் பார்த்தான்.

"என்னடா, வலிக்குதா?"

"கொஞ்சம்."

"அப்ப ஏன் இல்லேங்கிற?"

"அந்த சிஸ்டர் ஒத்த ஆளுப்பா. எத்தன பேரப் பாக்குது. ராத்திரி ஒரு ஊசி போட்டுச்சு. திரும்பத் திரும்பக் கூப்பிட ஆனாதெயா இருக்கு."

ஆனாதெ பர்மியச் சொல். எங்களுக்குத் தமிழ் பேசும்போதும் அதுதான் வாயில் வரும். கூச்சம், அடுத்தவருக்குத் தொந்தரவு கொடுக்கத் தயக்கம், அவர் மனம் நோகுமோ என்ற பயம், எல்லாம் சேர்ந்தது அது. எங்கள் ஊரில் அது இல்லாதவனை மனுஷனாக மதிக்க மாட்டார்கள். வலித்தாலும் "யபாதெ", பரவாயில்லை, என்று சிரிப்பதுதான் வளர்ப்பு. எங்கள் ஊர் டாக்டருக்கு அந்தச் சிரிப்பு தெரியும். இன்னும் இரண்டு தரம் கேட்பார், முகத்தைப் பார்ப்பார், அம்மாவைத் தனியாகக் கூப்பிட்டு விசாரிப்பார். இங்கே கேட்ட கேள்விக்குச் சொன்ன பதில்தான் பதில்.

கட்டுக்கு வெளியே தெரிந்த கால் விரலைத் தொட்டேன். ஐஸ் பெட்டியில் வைத்த போத்தல் மாதிரி இருந்தது. நிறமும் சரியில்லை.

"தொடுறேனே, தெரியுதா?"

"எதத் தொடுறீங்க?" என்றான்.

டாக்டர் அறைக்கு ஓடினேன். வாசலில் ஐந்தாறு பேர் காத்திருந்தார்கள். இங்கே வரிசையில் நிற்க மாட்டார்கள். யார் கடைசி என்று கேட்டு அவர் முகத்தை நினைவில் வைத்துக்கொள்வார்கள். நான் எதையும் கேட்கவில்லை, கதவைத் திறந்துவிட்டேன். உள்ளே மரீனா பெத்ரோவ்னா, சரவணனின் டாக்டர், யாரிடமோ பேசிக்கொண்டிருந்தார். அவரைப் பார்த்ததும், கும்பிட்டுச் சொல்கிறேன், என் முகம் தானாகச் சிரித்தது. குனிந்து, தயங்கி, "பொலித்" என்றேன். சிரித்துக்கொண்டு நிற்கும் ஆளைப் பார்த்து அவர் உள்ளங்கையைக் காட்டினார். வெளியே இருங்கள் என்று அர்த்தம்.

வெளியே வந்து சுவரில் சாய்ந்தேன். முருகா, இந்தச் சிரிப்பை எடுத்துவிடு என்று வேண்டினேன். வாழ்க்கையில் அப்படி ஒரு வேண்டுதல் வைத்ததில்லை. பிறகு மறுபடி கதவைத் திறந்து, நிமிர்ந்து நின்று, அவர் கண்ணைப் பார்த்தேன். மன்னிக்கணும் இல்லை, தயவுசெய்து இல்லை. தெரிந்த சொற்களை மட்டும் ஒவ்வொன்றாக, கட்டளை போலச் சொன்னேன்.

"மரீனா பெத்ரோவ்னா. மகன். கால். பொலித்."

நான் சொல்லி முடிப்பதற்குள் எழுந்துவிட்டார். எனக்கு முன்னால் ஓடியவர் அவர்தான். கோபமும் இல்லை, ஏன் உள்ளே வந்தாய் என்ற கேள்வியும் இல்லை. கட்டை வெட்டிப் பார்த்த உடனே கட்டிலோடு தள்ளிக்கொண்டு போனார்கள்.

சாயங்காலம் கோ மின் வந்த பிறகுதான் முழுதும் புரிந்தது. காலுக்குள் வீங்கி, கட்டுக்குள்ளேயே ரத்த ஓட்டம் நின்றுபோயிருக்கிறது. சதையைத் திறந்துவிட்டிருக்கிறோம், பார்ப்போம் என்றார் டாக்டர். அந்த ஆபத்துக்கு முதல் அடையாளம் வலிதான், வேறு எதுவும் அவ்வளவு சீக்கிரம் தெரியாது என்றார். அப்புறம் கோ மினிடம் கேட்டார், "எங்களைப் பார்த்து அந்தப் பையனுக்குப் பயமா?"

கோ மின் ஆனாதெ என்பதை விளக்கப் பார்த்தான். ரஷ்ய மொழியில் கிடைக்கவில்லை. கைபேசியிலும் கிடைக்கவில்லை. கடைசியில், "மரியாதைக்காக" என்று சொன்னான்.

டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். "நாங்கள் ஒவ்வொரு முறையும் கேட்டோமே," என்றார். அவ்வளவுதான்.

ரத்த ஓட்டம் திரும்பவில்லை. அடுத்த திங்கட்கிழமை இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். நான் ஆஸ்பத்திரிப் படிக்கட்டில் உட்கார்ந்து கந்தர் பேரைச் சொல்லிக்கொண்டிருந்தேன். கோட்டு வாங்கும் அம்மா வந்து, சிரிக்காமல், ஒரு கோப்பை டீயை என் கையிலேயே கொடுத்துவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகு நர்ஸ் கேட்கும்போதெல்லாம் சரவணன் முகத்தை இறுக்கிக்கொண்டு "பொலித்" என்று சொன்னான். அவர் ஒரு முறைகூடச் சலித்துக்கொள்ளவில்லை. ஊசியோடு வந்தார், போட்டார், போனார். ஒவ்வொரு தரமும் விக்தோர் பக்கத்துக் கட்டிலிலிருந்து கட்டை விரலைக் காட்டுவார். எனக்கு அதைப் பார்க்கத்தான் தாங்கவில்லை.

ஏப்ரல் கடைசியில் இருவரும் திரும்பினோம். மிங்கலாடோனில் கதவைத் தாண்டியதும் வெயில் முகத்தில் அடித்தது. சொந்தக்காரர்கள் கூட்டமாக வந்திருந்தார்கள். எல்லோரும் சிரித்தார்கள். சக்கர நாற்காலியைப் பார்த்தும் யாரும் காலைப் பற்றிக் கேட்கவில்லை. "கொஞ்சம் மெலிஞ்சிட்டான்," என்றார் என் மைத்துனர். சரவணன் சிரித்து, "யபாதெ மாமா," என்றான். எங்கள் ஊர் நல்ல ஊர்தான். அன்பான ஜனங்கள். ஆனால் அந்த நிமிஷம் எனக்கு அந்தக் கடுகடுத்த முகங்கள் மேல் ஏக்கமாக இருந்தது.

ரஷ்யாவுக்குப் பிள்ளையை அனுப்புகிறவர்கள் சப்பாத்து உறை, காசுத் தட்டு, பூ எண்ணிக்கை எல்லாம் சொல்லி அனுப்புங்கள். அவை தவறினால் திட்டு வாங்குவதோடு போகும். வலித்தால் சிரிக்காமல் சொல்லவும், கேட்காவிட்டால் கதவைத் திறக்கவும் சொல்லிக்கொடுத்து அனுப்புங்கள்.

இதைப் படிக்கிறவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். அடுத்த வீட்டுக்குச் சொல்லும்போது, பாவம் மனசு கஷ்டப்படுமே என்று குறைத்துச் சொல்லத் தோன்றும். லேசாக அடிபட்டது, இப்போது தேறிவிட்டான் என்று சொல்லத் தோன்றும். எனக்கே இதை எழுதும்போது பல தரம் தோன்றியது. அப்படிச் செய்யாதீர்கள். இருக்கிறபடியே சொல்லுங்கள். என் மகனுக்கு இடது கால் இல்லை என்றே சொல்லுங்கள்.