சவரிமுத்துவின் வலக்கை

போன வாரம் செம்பட்டி பஸ்ஸில் பக்கத்து இருக்கைக்காரர் தோளில் தைலம் தேய்த்துக்கொண்டார். பஸ் முழுக்க அதே நெடி. மற்றவர்கள் மூக்கைப் பிடித்தார்கள். எனக்கோ எங்கள் கல்லூரி பேஸ்பால் அணி ஞாபகம் வந்துவிட்டது. சிரிக்காதீர்கள். திண்டுக்கல்லில் பேஸ்பால் இருந்தது, நானும் ஆடினேன்.

நாங்கள் எல்லாருமே கிரிக்கெட் அணியில் கழித்துவிடப்பட்டவர்கள். ரெண்டு மேட்ச் ஜெயித்தால் மாவட்ட சர்டிஃபிகேட் என்று ஆசை காட்டித்தான் பி.டி. மாஸ்டர் எங்களைச் சேர்த்தார். கையுறை போதாது. எதிரணியிடமே இரவல் வாங்கி ஆடிவிட்டு, அவர்கள் முறை வந்ததும் திருப்பிக் கொடுப்போம்.

உண்மையான ஆட்டக்காரன் ஒருவன்தான், சிறுமலை சவரிமுத்து. பந்தெறிகிற பிட்சர் அவன். அப்பாவின் வாழைத் தோட்டத்தில் குரங்கு விரட்டிப் பழகிய கை. குரங்கை அடிக்கமாட்டான், அது உட்கார்ந்திருக்கும் கிளையை அடிப்பான். "மேல பட்டாக் கோவம் வந்துரும்ப்பு. பக்கத்துல விழுந்தாத்தான் பயப்படும்" என்பான். அவன் எறிவதைப் பிடிக்கும் வேலை எனக்கு. சாயங்காலம் என் இடது உள்ளங்கை இட்லி மாதிரி வீங்கியிருக்கும். அதில் எனக்கு ஒரு பெருமைகூட உண்டு.

ஒரே ஒரு விஷயம்தான் எங்கள் யார் மண்டையிலும் ஏறவில்லை. பந்தை அடித்ததும் மட்டையைப் போட்டுவிட்டு ஓடி, மூலைக்கொன்றாகத் தரையில் கிடக்கும் பேஸ் என்கிற சதுரப் பலகையைக் காலால் மிதிக்க வேண்டும். நாங்களோ கிரிக்கெட் பழக்கத்தில் மட்டையோடு ஓடி, அதை நீட்டி பேஸைத் தொட்டுவிட்டு வெற்றிச் சிரிப்போடு நிற்போம். அது செல்லாது. "ஏலே, பேட்டக் கீழ போட்டுட்டு ஓடுங்கலே!" என்று கத்தியே மாஸ்டருக்குத் தொண்டை கட்டிவிட்டது.

மாவட்டப் போட்டி ஒரே நாளில் நடந்தது. காலையில் ஜெயித்தோம். மதியம் சவரி இடது கையால் சோறு அள்ளுவதைப் பார்த்ததும் எனக்குச் சுருக்கென்றது. "முழங்கை லேசாப் பிடிச்சிருக்கு. தைலம் தேச்சா சரியாயிரும்" என்றான். நான் மாஸ்டரைக் கூட்டிவந்தேன். அவர் கையைத் தொட்டுப் பார்த்துவிட்டு எங்கள் பக்கம் திரும்பினார். "வேற யாருலே போடுவா?"

எல்லாரும் தரையைப் பார்த்தோம். சவரியே எழுந்தான்.

இறுதி ஆட்டத்தின் நடுவில் ஒரு பந்து என்னிடம் வந்து சேரவே இல்லை, பாதி தூரத்தில் விழுந்து உருண்டது. சவரி முழங்கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். அப்புறம் ஆளுக்கொரு கை எறிந்து பார்த்தோம். ஒன்றும் நேராகப் போகவில்லை. நாலு பந்து தப்பாகப் போனால் ஆட்டக்காரர் அடிக்காமலே அடுத்த பேஸுக்கு நடந்துவிடலாம்; எதிரணி மட்டையை வீசாமலே நடந்து நடந்து முன்னேறியது.

கடைசியில் நாங்கள் ஒரே ஒரு ரன் பின்தங்கியிருந்தோம், மூன்றாவது பேஸில் எங்கள் ஆள் ஒருவன் ஓடிவரக் காத்து நின்றான். முறை சவரிக்கு. மாற்று ஆள் கிடையாது. இடது கையில் மட்டையைப் பிடித்து, பந்தை மெல்லத் தட்டிவிட்டு ஓடினான். அவன் முதல் பேஸை மிதித்துவிட்டால் அந்த ஆளின் ரன் செல்லும், ஆட்டம் சமன். பந்து வருமுன் போய்விட்டான் என்றுதான் நினைத்தோம். ஆனால் கால் ஒரு முழம் பின்னால் நிற்க, மட்டை நீண்டிருந்தது.

மாஸ்டர் கத்தவில்லை. போய் மட்டையை மட்டும் வாங்கிக்கொண்டார்.

இனி எதையும் எறியக்கூடாது என்றுவிட்டார் டாக்டர். நாங்கள் மலைக்குப் பார்க்கப் போனபோது சவரியின் அப்பா சொன்னார்: "பந்து போனாப் போகுது தம்பி. கொரங்குக்கு இனிமே யாரு கல்லெறிவா?" அதன்பிறகு ஆடலாம் என்று எங்களில் யாரும் சொல்லவில்லை. சர்டிஃபிகேட்டுக்காகச் சேர்ந்தவர்கள்தான், ஆனால் அவன் இல்லாமல் மைதானத்தில் நிற்கக் கூசியது.

தைல நெடியோடு பஸ்ஸை விட்டு இறங்கியதும் சவரிக்குப் போன் செய்தேன். தோட்டம் எப்படி என்று கேட்டேன்.

"வாழையெல்லாம் போச்சுப்பு. மெளகுதான் போட்ருக்கேன், கொரங்கு தொடாது. வருது, செத்த நேரம் ஒக்காந்துட்டுப் போகுது. நானும் பாத்துக்கிட்டு ஒக்காந்திருப்பேன்."

போனை வைத்துவிட்டு இடது உள்ளங்கையை விரித்துப் பார்த்தேன். அந்த வீக்கம் எப்போதோ வடிந்துவிட்டது. கொஞ்சம் மிச்சம் இருந்திருக்கலாம்.