ஹாருதாவின் ஐந்து கோடிச் சொச்சம்

எதிரே வந்த ஆட்டோவின் எண் பதின்மூன்றால் வகுபடும். அதை ஹாருதா கண்டுபிடித்து முடிப்பதற்குள் ஆட்டோ அவருடைய மீன் பையை உரசிக்கொண்டு போய்விட்டது. "கண்ணை எங்கய்யா வெச்சிருக்கே?" என்று டிரைவர் கத்தினால், "உன் நம்பர்லதான்" என்பார். பொய்யில்லை.

முழுப்பெயர் ஹராதன் சமத்தார்; தெருவுக்கு 'ஹாரு அண்ணன்', வங்காளத்தில் ஹாருதா. கல்கத்தா பெஹாலாவில் இன்சூரன்ஸ் ஆபீஸ் வேலை; அதை அவரே அடிக்கடி மறந்துவிடுவார். தெருவின் துர்கா பூஜை மலரில் வருஷாவருஷம் ஒரு பெரிய எண்ணைப் பற்றி எழுதுகிறாரே, அதுதான் அவருக்கு உத்தியோகம். படிப்பவர்கள் குறைவு. ஆனாலும் பூஜை நெருங்கினால் புரோகிதர்கூட, "இந்த வருஷம் யாரு ஹாருதா?" என்று விசாரிக்காமல் போகமாட்டார்.

இந்த வருஷம் 5,60,52,361. அடேயப்பா, என்ன எண் அது! இரண்டு முதல் பத்து வரை எதனால் வகுத்தாலும் ஒன்றே மிஞ்சும். "எத்தனை பேருக்குப் பங்கு போட்டாலும் ஒரு ரசகுல்லா தட்டுல நிக்குது பாரு!" என்று மனைவி ஷெபாலியிடம் துள்ளினார். "அதையும் நீங்கதான் திம்பீங்க, சர்க்கரையை ஏத்திக்கிட்டு" என்றாள் அவள்.

எதனாலும் வகுபடாத பகா எண்தானா என்று பார்க்க அவரிடம் ஒரு சோதனை உண்டு. இரண்டை இரண்டாலேயே, அந்த எண்ணுக்கு ஒன்று குறைவான அடுக்குக்குப் பெருக்கி, வந்ததை அந்த எண்ணால் வகுக்க வேண்டும். பகா எண்ணானால் ஒன்று மிஞ்சும். குறுக்குவழி போட்டு, தாள் தாளாகக் கிறுக்கினார். மிஞ்சியது ஒன்று. மூன்றை வைத்துப் போட்டார், ஐந்தை வைத்துப் போட்டார், அப்போதும் ஒன்று. மனிதருக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. 'வகுபடாத எண்' என்று எழுதி அச்சுக்குக் கொடுத்துவிட்டார். சும்மா ஒவ்வொன்றாக வகுத்துப் பார்ப்பதெல்லாம் பள்ளிக்கூடப் பிள்ளைகள் வேலையாம்.

பந்தலில் அச்சான மலர்க் கட்டுகள் வந்து இறங்கிய அன்று, பக்கத்துத் தெருக் கணக்கு டீச்சர் கமலிகா தயங்கித் தயங்கி வந்தாள்.

"கோவிச்சுக்காதீங்க ஹாருதா. இருநூத்திப் பதினொண்ணால போகுது."

"போகாது."

"போட்டுப் பாருங்க. 211, 421, 631. மூணையும் பெருக்கினா உங்க ஆளுதான். பகா எண் எல்லாமே அந்தச் சோதனையில தேறும், சரி. தேறினதெல்லாம் பகா எண் ஆயிடுமா? இந்த மாதிரித் திருட்டுப் பயலுங்களும் நடுவுல தேறிடுறானுங்களே!"

ஹாருதா போட்டுப் பார்த்தார். மீதி சுழி. அவமானத்தில் காதெல்லாம் சிவந்துவிட்டது. இத்தனை வருஷம் தெருவே நம்பிய பேச்சு அவருடையது.

பூஜைக் கமிட்டிச் செயலாளர் பிஷு அவர் தோளைத் தட்டினான். "விடுங்க ஹாருதா! இந்தத் தெருவுல எவன் வகுத்துப் பாக்கப் போறான்?"

"நான் பாத்துட்டேனேடா."

இப்போது ஊரே புதுத்துணி உடுத்தி துர்கைக்குப் புஷ்பாஞ்சலி செய்ய நிற்கிறது. ஹாருதா பந்தலுக்குப் பின்னால் கட்டுகளைப் பிரித்துப் போட்டு, ஒவ்வொரு மலராகத் திருத்திக்கொண்டிருக்கிறார். 'வகுபடாத' என்பதை அடித்துவிட்டு அந்த மூன்று எண்களையும் எழுத வேண்டும். ஆனால் அடிப்பதற்கு முன், ஒவ்வொரு பிரதியின் ஓரத்திலும், 211-ஆல் இன்னொரு முறை வகுத்துப் பார்க்கிறார்.