நாத்தனார் பெயரில் வந்த சம்மதம்

நாங்கள் எழுதும் அந்த வலைத்தளத்துக்கு முதலாளி கிடையாது. பலபேர் வீட்டுக் கணினிகளில் சேர்ந்து ஓடுகிறது. ஒரு நீள எழுத்துவரிசைதான் சாவி. அது யார் கையில் இருக்கிறதோ, அவர்தான் அந்தப் பெயரில் பேச முடியும். அதைத் தாங்களே வைத்திருப்பதில் பழைய ஆட்களுக்குத் தலைக்கனம் உண்டு. எனக்கும்தான்.

என் சின்ன நாத்தனாரை அங்கே சேரச் சொன்னவள் நான். கம்மாபுரம் பக்கம், நிலக்கரிச் சுரங்கத்தை ஒட்டி அவளுக்கு நிலம். சுரங்கத்துக்கு நிலம் எடுக்க அளக்க ஆள் வந்ததிலிருந்து அவள் ஊர்க்காரர்கள் அங்கேதான் பேசிக்கொள்கிறார்கள். அவளோ சாவியை அவளிடம் தராமல் தன்னிடமே வைத்துக்கொள்ளும் ஓர் ஆப்பை இறக்கிச் சுலபமாக உள்ளே வந்துவிட்டாள். சாவியில்லாதவர்களை ஏன் விடுகிறீர்கள் என்று பழையவர்கள் குதித்தார்கள். நானும் அவளைக் கடிந்துகொண்டேன்.

"ஏன் அண்ணி, நம்ம மண்பொம்மைய நாமளா சுடுறோம்? அடியில குறி போட்டு பொதுச் சூளையில குடுத்துட்டு வூட்டுக்கு வந்துடறோம். என்னிக்காவது மாறிப்போயிருக்குதா?" என்றாள்.

எங்கள் ஊரில் சின்னப் பொம்மைப் பட்டறைக்காரர்கள் எல்லாரும் அப்படித்தான். சூளைக்காரரைச் சந்தேகப்பட்டால் நம்மைத்தான் ஒரு மாதிரி பார்ப்பார்கள்.

ஒரு நாள் காலை, எங்கள் பட்டறைக்கு உதவ வந்திருந்த அவள் என் பக்கத்தில் உட்கார்ந்து, பொம்மைகளின் அடியை ஈரப் பஞ்சால் துடைத்துக்கொண்டிருந்தாள். நான் போனைப் பார்த்தேன். அவள் பெயரில் புதிதாக ஒரு வரி: 'நிலத்தைக் கொடுக்க எங்களுக்குச் சம்மதம்.'

காட்டினேன். படித்துவிட்டுக் கையைப் புடவையில் துடைத்தாள், திரும்பத் திரும்பத் துடைத்தாள்.

"நான் எழுதல அண்ணி."

அவள் போனில் அந்த ஆப் அவளையே உள்ளே விடவில்லை. ஆப்காரர்களுக்குப் புகார் அனுப்பினோம், பதில் இல்லை. அந்த வரியோ அதற்குள் எத்தனையோ கணினிகளுக்குப் போயிருந்தது, யாராலும் அழிக்க முடியாது. அப்போதே சொன்னோமே என்று பழையவர்கள் எழுதிவிட்டு, தங்கள் கண்ணில் படாதபடி அவளைத் தடைசெய்துவிட்டுப் போய்விட்டார்கள். அவள் ஊர்க்காரர்களுக்குச் சாவியும் தெரியாது, பூட்டும் தெரியாது. அவள் பெயர்தான் தெரியும்.

அவள் கணவரின் அண்ணன் போன் செய்தார். "ஊரே ஒண்ணா நிக்குது. நீ மட்டும் இப்படி எழுதிட்டியேம்மா."

"நான் எழுதலைங்க மாமா."

"உன் பேர்லதானே இருக்குது. எழுதலன்னா அதை அங்கயே சொல்லு."

அவளால் சொல்ல முடியாது. அதனால் நான் என் பெயரில் எழுதினேன்: 'அவள் என் பக்கத்தில்தான் இருக்கிறாள். அதை அவள் எழுதவில்லை.' அனுப்பிவிட்டு அவள் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டேன்.

அதன் கீழே உடனே ஒரு பதில் வந்தது, அவள் பெயரில்.

'அண்ணி பயப்படறாங்க. எழுதினது நான்தான்.'

அவளுடைய மாமா மறுபடியும் கூப்பிட்டார். நாங்கள் இருவருமே எடுக்கவில்லை.