அருந்ததி பார்க்கப் போன கல்யாண வண்டி

ஆரணியில் கல்யாணம் நிச்சயமானால் சத்திரம் பிடிப்பதற்கு முன்பே பந்தலுக்கு விளக்குப் போடும் சம்பந்தத்தைப் பிடித்துவிடுவார்கள். எழுபதுகளின் தொடக்கத்தில் வாடகை பெட்ரோமாக்ஸ் விளக்குகளோடு தொழிலுக்கு வந்தவர். பத்து வருஷத்துக்குள் சொந்தமாக ஜெனரேட்டர், டியூப்லைட்டுகள், ஓடி ஓடி எரியும் சீரியல் செட், தோகை விரிக்கும் விளக்கு மயில் எல்லாம் அவரிடம் சேர்ந்துவிட்டன. "பந்தல்ல ஊசி விழுந்தா எடுக்கணும், அதான் வெளிச்சம்" என்பார்.

அவருடைய ஒரே மகள் தேவகிக்கு வைகாசியில் கல்யாணம். மாப்பிள்ளை ஜெயவேலுக்குப் படவேட்டில் வாழைத்தோட்டம். சொந்த மகள் கல்யாணமாயிற்றே, சம்பந்தம் தன்னிடம் இருந்த அத்தனை விளக்கையும் தெருவில் இறக்கிவிட்டார். பற்றாததற்குப் பக்கத்து ஊர்க்காரரிடம் இரவல் வேறு வாங்கினார்.

காலையில் தாலி கட்டி முடிந்ததும் ஐயர் பளீரென்ற வானத்தைக் காட்டி, "அதோ அருந்ததி" என்றார். வழக்கம்போல எல்லோரும் தலையாட்டினார்கள். சாயங்கால விருந்து நடக்கும்போது சம்பந்தத்தின் மனைவி அபிதகுசாம்பாளுக்கு ஒரு ஆசை வந்தது.

"பகல்ல சும்மானாச்சும் காட்டினாரு. இப்ப நிஜமாவே காட்டிடலாம் வாங்க" என்று பொண்ணையும் மாப்பிள்ளையையும் பந்தலுக்கு வெளியே கூட்டிவந்தாள்.

கூட்டமும் பின்னாலேயே வந்து வடக்கே அண்ணாந்து பார்த்தது. ஒருவர் "தெரியுது, தெரியுது" என்றார். இன்னொருவர் விளக்கு மயிலுக்கு மேலே விரலை நீட்டினார். ஜெயவேல் மட்டும் விழித்தான்.

"எனக்கு ஒண்ணும் தெரியலீங்க மாமா. வானமே சாம்பல் பூசினா மாரி இருக்குது. எங்க ஊர்ல கட்டில்ல படுத்துகினே பாக்கலாம்."

சம்பந்தத்துக்குச் சுருக்கென்றது. நேராகப் போய் ஜெனரேட்டரை நிறுத்தினார். பந்தல் இருண்டது. "யாருய்யா அது, கைல சாம்பார் வாளி இருக்குது" என்று சமையல்காரர் கத்தினார். அப்போதும் வானம் வெளுத்தேதான் இருந்தது. தெருமுனையில் புதிதாக வைத்த மெர்க்குரி விளக்கு, அதற்கப்பால் சினிமா கொட்டகை, ரைஸ் மில். அவற்றை அவர் எப்படி அணைப்பார்?

"நான் போட்ட வெளிச்சம்னு பாத்தா, ஊரே சேந்து போட்டுகினு இருக்குது" என்றார்.

அபிதகுசாம்பாள் சிரித்துவிட்டாள். "வண்டிதான் சும்மா நிக்குதே. எடுங்க, ஊருக்கு வெளிய ஜல்தி போயிட்டு வந்துடலாம்."

விளக்குச் சாமான் ஏற்றும் வேனில் பொண்ணு, மாப்பிள்ளை, சம்பந்திகள், வெற்றிலைத் தட்டோடு இரண்டு அத்தைகள் என்று நெருக்கியடித்து ஏறினார்கள். சந்தவாசல் ரோட்டில் வீடுகள் முடிந்து வயல் வந்ததும் சம்பந்தம் வண்டியை ஓரங்கட்டி, முன்விளக்கை அணைத்தார்.

முதலில் யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை. கண் பழகப் பழக, தூவிவிட்டதுபோல நட்சத்திரங்கள் வந்தன. மெல்லிய பிறை ஜவ்வாது மலைப்பக்கம் இறங்கிக்கொண்டிருந்தது. வடக்கே ஏழு ரிஷி நட்சத்திரங்களும் தனித்தனியாக நின்றன. வால்பக்கத்திலிருந்து இரண்டாவதை ஜெயவேல் காட்டினான்.

"அதுக்குப் பக்கத்துல ஒட்டிகினு சின்னதா ஒண்ணு இருக்குது பாரு, அதான் அருந்ததி."

தேவகி கொஞ்ச நேரம் தேடிவிட்டு, "ஆமா, இருக்குது" என்று மெதுவாகச் சொன்னாள். அத்தைகள் தங்களுக்கும் காட்டச் சொல்லி மாப்பிள்ளையைப் பிடித்துக்கொண்டார்கள்.

சம்பந்தமும் அண்ணாந்து பார்த்தார். அத்தனை வருஷம் ஏணிமேல் நின்றே வேலை செய்தவர், விளக்கைத் தாண்டி மேலே பார்த்ததே இல்லை. "இவ்ளோ இருக்குதா" என்று மனைவியிடம் கேட்டார். கழுத்து வலிக்கும்வரை பார்த்துக்கொண்டு நின்றார்.

மறுவாரமே போகஸ் விளக்குகளுக்கெல்லாம் தகரத்தில் மூடி அடித்தார். வெளிச்சம் மேலே போகாமல் பந்தலுக்குள்ளேயே விழுந்தது. சாயங்காலக் கல்யாணங்களில் சற்று நேரம் விளக்கணைப்பதும் அவர் வழக்கமானது. முதல்முறை களம்பூர் மில்காரர் வீட்டில் அணைத்தபோது கரண்ட் போய்விட்டது என்று கூட்டம் கூச்சல் போட்டது. அதன்பிறகு மைக்கில் அவரே சொல்லிவிடுவார்: "கரண்ட் போகலீங்க, நாங்கதான் நிறுத்தியிருக்கோம். வடக்கே பாருங்க."

எண்பதுகளின் கடைசியில் ஊர் வெளிச்சம் இன்னும் கூடி, அணைத்தாலும் பலனில்லாமல் போயிற்று. சம்பந்தம் அதற்காக உட்கார்ந்து வருத்தப்படவில்லை. ஆசைப்பட்ட ஜோடிகளை வேனில் ஏற்றிக்கொண்டு வயல்வெளிக்குப் போனார். அதற்கு வாடகை வாங்கியதில்லை. ஒவ்வொரு தடவையும் முன்சீட்டில் முதலில் ஏறி உட்கார்ந்தவள் அபிதகுசாம்பாள்தான்.